45 ஆயிரத்துக்குள் முதல் ரோடு பைக்: கை மரத்துப்போகாமல் 60 கி.மீ. ஓட்ட எது வாங்கலாம்?

#1 · தாம்பரம் குமரன்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43, உயரம் 170 செ.மீ., எடை 78 கிலோ. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை. எட்டு மாதத்துக்கு முன்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். பையன் ஓட்டாமல் போட்டுவைத்திருந்த ஹைபிரிட் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தேன். முன்னால் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், 16 கிலோ. ஆரம்பத்தில் வண்டலூர் பூங்கா வரை போய் வந்தாலே நாக்குத் தள்ளும். இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறேன். போக வர 60 கி.மீ. கிட்ட ஆகிறது.

சிக்கல் இதுதான். 40 கி.மீ. தாண்டியதும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. திரும்பும்போது எதிர்க்காற்று இருந்தால் 15 கி.மீ. வேகம்கூட வராது. அந்த நேரம் பார்த்து, வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் உள்ள சைக்கிளில் ரோடு பைக்காரர்கள் நாலு பேர் சினிமாக் கதை பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார்கள். தாண்டுவது பரவாயில்லை. பேசிக்கொண்டே தாண்டுவதுதான் எரிச்சல்.

வீட்டில் "பைக் வாங்கப் போகிறேன்" என்றதும் அம்மா, "இந்த வயசில் புல்லட்டா?" என்று கேட்டார். சைக்கிள்தான் என்று சொல்லி, விலையையும் சொன்ன பிறகு, புல்லட்டே தேவலாம் என்று ஆகிவிட்டது. எப்படியோ 45 ஆயிரம் வரை ஒப்புதல் வாங்கிவிட்டேன்.

இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று, தெரிந்தவரின் நண்பர் விற்கும் கார்பன் ஃபிரேம் ரேஸ் சைக்கிள். எட்டு வருடப் பழசு, எட்டரைக் கிலோ, 45 ஆயிரம் சொல்கிறார். இன்னொன்று கடையில் புதுசு, அலுமினியம், ஷிமானோ கிளாரிஸ் எட்டு கியர், பத்தே முக்கால் கிலோ. மனசு கார்பன் பக்கம் சாய்கிறது. ஆனால் எனக்கு இடுப்பில் பழைய பிடிப்பு ஒன்று உண்டு. குனிந்து ஓட்டினால் அது கிளம்பிவிடுமா?

#2 · கோவைச் சக்கரம்

கார்பன் வேண்டாம். காரணம் அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த கார்பன் சைக்கிளின் அளவு என்ன? 52, 54, 56 என்று சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் ஒட்டியிருக்கும். என்ன டயர், பின்னால் எத்தனை பல், முன்னால் எத்தனை பல்? உங்கள் கால் உள்ளளவு எவ்வளவு? பேன்ட் தைக்க எடுக்கும் அளவு இல்லை. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து சொல்லுங்கள்.

#3 · சும்மா_சுத்துபவன்

45 ஆயிரத்துக்கு நல்ல ஹைபிரிட் வந்துவிடும் சார். ரோடு பைக் எல்லாம் 25 வயசுக்காரர்களுக்கு. தொப்பை இடிக்கும்.

#4 · நிர்மலா ஆர்

சும்மா_சுத்துபவன் தம்பி, எனக்கு 51. ரோடு பைக்தான் ஓட்டுகிறேன். தொப்பையும் இருக்கிறது. இடிக்கவில்லை.

#5 · தாம்பரம் குமரன்

நன்றி அக்கா, சிரித்துவிட்டேன்.

சக்கரம் அண்ணா, அளந்துவிட்டேன். பையனின் வேதியியல் கைடு ஒருவழியாகப் பயன்பட்டது. 78 செ.மீ. வருகிறது. கார்பன் சைக்கிள் 56. முன்னால் 53, 39. பின்னால் 11 முதல் 25 வரை. டயர் 23 மி.மீ. அகலம் போட்டிருக்கிறார், 25 வரைதான் நுழையும் என்கிறார். கம்பெனி தளத்தில் ஸ்டாக் 563, ரீச் 391 என்று போட்டிருக்கிறது. அது என்ன என்று புரியவில்லை.

#6 · கோவைச் சக்கரம்

புரியவைக்கிறேன். பெடல் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சு இருக்கிறதே, அதன் மையத்திலிருந்து, ஃபிரேமின் முன்னால் ஹேண்டில் இறங்கும் தலைக்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். ஸ்டாக் கூடினால் ஹேண்டில் உயரும், ரீச் கூடினால் ஹேண்டில் தூரப்போகும். முதல்முறை வாங்குபவர்கள் ஃபிரேம் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 52 மாதிரி இருக்கும். இந்த இரண்டு எண்கள் மட்டும் ஏமாற்றாது.

ஸ்டாக்கை ரீச்சால் வகுத்துப் பாருங்கள். 563 வகுத்தல் 391, அதாவது 1.44. ஒன்றரையும் அதற்கு மேலும் என்றால் நிமிர்ந்து உட்காரலாம், அதை எண்டூரன்ஸ் ஃபிரேம் என்பார்கள். 1.4 பக்கம் வந்தால் பந்தயக்காரரின் சைக்கிள், முதுகு மடங்கும். கறாரான சட்டம் இல்லை, கைக்கணக்குத்தான். ஆனால் இடுப்புப் பிடிப்பு உள்ளவருக்கு இந்தக் கைக்கணக்கு போதும்.

அது கிடக்கட்டும். 78 செ.மீ. காலுக்கு 56 ஃபிரேம் பெரியது. கால் உள்ளளவை 0.665ஆல் பெருக்குவது பழைய வழக்கம். உங்களுக்கு 52 வருகிறது. நாலு செ.மீ. பெரிய ஃபிரேமில் சீட்டை இறக்கிச் சமாளிக்கலாம், ஹேண்டில் தூரத்தைச் சமாளிக்க முடியாது. கையை நீட்டி, தோளைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி ஓட்டுவீர்கள். மரத்துப்போகிற விரல்களோடு கழுத்து வலியும் சேரும்.

கியர் பக்கம் வாருங்கள். 39ஐ 25ஆல் வகுத்தால் 1.56. சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் போகும் என்று வையுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் 3.28 மீட்டர். கடையில் பார்த்த கிளாரிஸில் பெரும்பாலும் முன்னால் 50, 34, பின்னால் கடைசிப் பல் 32 இருக்கும். 34 வகுத்தல் 32 என்றால் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர்தான். இப்போது ஏலகிரி ஏறுகிறீர்கள், வேகம் 8 கி.மீ. என்று வைப்போம். கார்பனில் நிமிடத்துக்கு 40 சுற்று, ஒவ்வொன்றும் மூட்டை தூக்குகிற மாதிரி. கிளாரிஸில் 60 சுற்று. 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் முழங்காலில் அந்த 39ஐ வைத்துக்கொண்டு போனால் பாரி வள்ளலே வந்தாலும் தேர் தந்து உதவ முடியாது.

#7 · ஸ்பேனர்

அண்ணன் கணக்கு சரி. நான் கடையில் பார்க்கிறதைச் சொல்கிறேன். சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அப்பா அம்பத்தூரில் டிஐ சைக்கிளில் வேலை பார்த்தவர்.

கார்பன் கெட்ட பொருள் இல்லை. விழுந்த கார்பன்தான் பிரச்சினை. அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், கண்ணுக்குத் தெரியும். கார்பன் உள்ளே விட்டுப்போய் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். எட்டு வருடத்தில் அது எத்தனை தடவை விழுந்தது என்று விற்கிறவர் சொல்லமாட்டார். ஒரு காசை எடுத்து ஃபிரேம் முழுக்க லேசாகத் தட்டிக்கொண்டே போவோம். ஓசை ஒரே மாதிரி டிக் டிக் என்று வந்து, ஓரிடத்தில் மட்டும் மந்தமாக டொக் என்றால் அங்கே சந்தேகப்படுவோம். அதுவும் முழு நிச்சயம் கிடையாது.

செகண்ட் ஹேண்ட் எது பார்த்தாலும் சீட்டைத் தாங்கும் தண்டை, அதாவது சீட் போஸ்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். இந்த ஊர் வியர்வையிலும் கடல் காற்றிலும் ஃபிரேமும் போஸ்ட்டும் ஒட்டிக்கொள்ளும். போன மாதம் ஒரு சைக்கிளில் போஸ்ட்டை எடுக்க ஒன்றரை நாள் ஆனது. அடுத்தது செயின். எஃகு ஸ்கேல் வைத்து 12 இன்ச் அளங்கள். ஒரு ஊசியின் மையத்தில் ஆரம்பித்தால் 12வது இன்ச்சில் இன்னொரு ஊசியின் மையம் சரியாக உட்காரணும். எட்டில் ஒரு பங்கு இன்ச் தள்ளிப் போயிருந்தால் செயின் முடிந்தது, பின்பல்லும் அநேகமாக முடிந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சிரிக்காதீர்கள், வாரம் ஒருத்தர் வருகிறார்.

#8 · நிர்மலா ஆர்

குமரன், அளவு விஷயத்தில் என் கதையைக் கேளுங்கள்.

என் உயரம் 155 செ.மீ. ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் 52 அளவு சைக்கிளைத் தலையில் கட்டினார்கள். "சின்ன அளவு கைவசம் இல்லை மேடம், சீட்டை இறக்கினால் சரியாகிவிடும், ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்றார்கள். ஒரு வருடம் பழகினேன். பழகியது கழுத்து வலிதான். இசிஜி வரைக்கும் போய்விட்டு வந்தேன், இடது தோளில் இழுத்ததால் பயந்துவிட்டோம். கடைசியில் 47க்கு மாறியதும் மூன்றே வாரத்தில் வலி போனது. பழைய சைக்கிள் பாதி விலைக்குத்தான் போயிற்று. வேறு அளவு இல்லை என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

சீட் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. புது சைக்கிளோடு வரும் சீட் வலிக்கிறது என்று எல்லாரும் முதலில் வாங்குவது ஜெல் உறை. நானும் வாங்கினேன். அரை மணி நேரம் சொர்க்கம். அப்புறம் உட்காரும் எலும்பு இரண்டும் ஜெல்லுக்குள் அமிழ்ந்து, நடுவில் ஜெல் மேலே பிதுங்கி, அழுத்தக்கூடாத இடத்தில் அழுத்தும். எடை அந்த இரண்டு எலும்பின் மேல்தான் நிற்கணும். வீட்டில் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா? நெளிநெளியாக உள்ளே காகிதம் வைத்த அட்டை. அதில் ஒரு துண்டு வெட்டி, படிக்கட்டில் போட்டு, மெல்லிய உடையோடு உட்கார்ந்து, குதிகாலை லேசாகத் தூக்கி, கொஞ்சம் முன்னால் குனியுங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளம் மட்டும் வெள்ளை ஏறாமல் தெரியும். இரண்டின் மையத்துக்கும் இடையே அளங்கள். எனக்கு 128 மி.மீ. வந்தது. அதோடு ஒரு 20, 25 மி.மீ. கூட்டினால் சீட்டின் அகலம். நான் 152 அகல சீட் வாங்கினேன். கட்டியாகத்தான் இருக்கும். முதல் வாரம் திட்டினேன், இப்போது சைக்கிள் மாறினாலும் சீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவேன்.

பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்கிவிடுங்கள். அதற்குள் வேறு உள்ளாடை போடக்கூடாது. கடையில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், பலர் ரெண்டும் போட்டுக்கொண்டு தோல் உரிந்து வருகிறார்கள்.

#9 · ஸ்காபரோ சைக்கிள்காரன்

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்தில் லுமாலா சைக்கிளில் டபுள்ஸ் ஓடி வளர்ந்தனான். பெற்றோல் இல்லாத காலத்தில் விறகு, நெல்லு, நோயாளி எல்லாம் சைக்கிளில்தான் போனது. அதில் ஹேண்டில் உயரம் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை, கையும் மரக்கவில்லை. ஏனெண்டால் நிமிர்ந்து இருந்து ஓடினோம், பாரம் முழுக்கச் சீட்டில்.

உங்கட விரல் மரப்புக்குக் காரணம் உள்ளங்கையின் வெளி ஓரத்தால் போகிற நரம்பு. நேர்க் கைப்பிடியில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் அமர்த்தினால் அது கோபிக்கும். ரோடு பைக்கின் வளைந்த டிராப் ஹேண்டிலில் மேலே, பிரேக் பிடிக்கு மேல் இருக்கிற ரப்பர் மூடியில், கீழே என்று மூன்று இடம் இருக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. நான் பழைய டேப்புக்கு மேலே இன்னொரு டேப் சுத்தி வைத்திருக்கிறேன், பிடி தடிப்பாக இருக்கும்.

வாங்கும்போது மட்கார்டு பூட்டத் துளை இருக்கிறதா எண்டு பாருங்கோ. மழை உங்களுக்கும் இருக்குத்தானே.

#10 · இருநூறான்

டயர். டயர். டயர். யாரும் சொல்லவில்லை என்பதால் மூன்று தடவை.

நான் வருடத்துக்கு மூன்று, நாலு பிஆர்எம் ஓட்டுகிறேன், குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சவாரி அது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் தருவார்கள், சாப்பாடு, பங்க்சர், மரத்தடித் தூக்கம் எல்லாம் அதற்குள். கணக்குப் போட்டால் சராசரி 15 கி.மீ.கூட வேண்டாம். அதில் முடிக்காமல் திரும்புகிறவர்களில் வேகம் போதாமல் திரும்புகிறவர் குறைவு. கை, கழுத்து, பின்பக்கம், இந்த மூன்றால்தான் திரும்புகிறார்கள்.

23 டயரில் நூறு பிஎஸ்ஐ காற்று அடித்துக்கொண்டு ஓட்டினேன் ஒரு காலத்தில். அதுதான் வேகம் என்று நம்பினோம். சாலையில் இருக்கிற ஜல்லி ஒவ்வொன்றும் விரல் வழியாக மூளைக்குப் போகும். இப்போது 32. என் எடை உங்கள் எடைதான். பின்னால் 60, 65, முன்னால் 55 பிஎஸ்ஐ. கரடுமுரடான தார் ரோட்டில் டயர் உள்வாங்கிக்கொண்டு உருளும். நூறு அடித்தால் சைக்கிளும் ஆளும் சேர்ந்து குதிப்போம், அந்தக் குதிப்பில் போகிற சக்தி எல்லாம் நம் கால் கொடுத்ததுதான். என் சராசரி வேகம் குறையவில்லை. தொழில்முறைப் பந்தயக்காரர்களே இப்போது 28க்கு மேல் போய்விட்டார்கள்.

இந்த ஊரில் இன்னொரு காரணம் சீமைக் கருவேல முள். ஓரமாக ஒதுங்கினால் போதும், டயரில் ஏறிக்கொள்ளும். தடித்த டயரில் முள் டியூபைத் தொடுவதற்குள் பாதி நேரம் பிடுங்கிவிடலாம்.

அதனால் கடைக்காரரிடம் "இந்த ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையும்?" என்று கேளுங்கள். 32 என்று பதில் வராவிட்டால் அடுத்த சைக்கிளைப் பாருங்கள். தரும் டயர் 25ஆகவே இருக்கட்டும், இடம் இருந்தால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

#11 · ஸ்பேனர்

32 நுழையணும் என்றால் டிஸ்க் பிரேக்தான். ரோடு பைக்கில் வருகிற, சக்கர விளிம்பைப் பிடிக்கும் சாதாரண ரிம் பிரேக்கின் கவ்வல் 28க்கு மேல் இடம் தராது. அதனால் விலை ஏறும்.

நான் ரிம் பிரேக் கட்சி. சென்னை தட்டை ஊர். நல்ல பிரேக் ஷூ போட்டால் போதும், பத்து நிமிடத்தில் பழுது பார்க்கலாம். டிஸ்க் சின்னதாக வளைந்தால் சர்ர் சர்ர் என்று உரசும், அந்தச் சத்தத்தோடு கோவளம் வரைக்கும் போகணும்.

#12 · கோவைச் சக்கரம்

ஸ்பேனர் தம்பி, நவம்பர் மழையில் ரிம் பிரேக் பிடித்துப் பாருங்கள். முதல் ஒரு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான், அப்புறம்தான் பிடிக்கவே ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு சாரலும் வரும். 78 கிலோ ஆளுக்கு டிஸ்க் நல்லது. எண்ணெய் உள்ள ஹைட்ராலிக் இந்த விலைக்கு வராது, வரவும் வேண்டாம். கம்பி இழுக்கிற மெக்கானிக்கல் டிஸ்க் போதும், அதை அவரே ஆலன் கீ வைத்துச் சரிசெய்யலாம்.

#13 · ஸ்பேனர்

கம்பி டிஸ்க் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஹைட்ராலிக் என்றால் எனக்கு வருமானம், அதனால் அதற்கும் ஆட்சேபணை இல்லை.

#14 · தாம்பரம் குமரன்

நேற்று கடைக்குப் போய் வந்தேன். கார்பனை விட்டுவிட்டேன். போகும் முன் ஒரு தடவை அதை ஓட்டிப் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது, மிதித்தவுடன் பறக்கிறது. ஆனால் தெருமுனை வருவதற்குள் கழுத்தை நிமிர்த்தி ஆட்டோ வருகிறதா என்று பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கடையில் அந்த கிளாரிஸ் சைக்கிள் இரண்டு அளவில் இருந்தது. 54க்கு ஸ்டாக் 573, ரீச் 379. 52க்கு 555, 370. இரண்டிலும் வகுத்தால் ஒன்றரை. கம்பி டிஸ்க், 28 டயர், 32 நுழையும் என்கிறார். இரண்டையும் ஓட்டினேன். 54ல் உட்கார்ந்ததும் பெரிய வண்டியில் கம்பீரமாக இருப்பது மாதிரித் தெரிந்தது. 52ல் சற்றுக் குட்டியாக. கடைப் பையன் 54தான் சரி என்கிறான். 54 இரண்டு இருக்கின்றன, 52 ஒன்றுதான் இருக்கிறது என்பதையும் கவனித்தேன்.

அதில் தொங்கும் பழைய விலைச்சீட்டில் 48 ஆயிரம். எதை எடுக்க?

#15 · நிர்மலா ஆர்

ஓட்டியது எவ்வளவு நேரம்? கடை வாசலில் இரண்டு நிமிடம் என்றால் அது கணக்கில் இல்லை. திரும்பப் போய் ஒவ்வொன்றையும் கால் மணி நேரம் ஓட்டுங்கள். சீட் உயரத்தை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும், இடுப்பு சாயக்கூடாது. கணக்கில் பார்த்தால் 78ஐ 0.883ஆல் பெருக்கி, பெடல் தண்டுகளின் நடு அச்சிலிருந்து சீட் மேல்பக்கம் வரை 68.9 செ.மீ. அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு. ஒரு செ.மீ. குறைத்து ஆரம்பியுங்கள்.

அப்புறம் கையைப் பிரேக் மூடியில் வைத்து, முழங்கை லேசாக மடங்கியிருக்க, பியானோ வாசிக்கிற மாதிரி விரல்களை ஆட்டுங்கள். ஆட்ட முடிந்தால் எடை கையில் இல்லை. எதில் சுலபமாக ஆட்டமுடிகிறதோ அதை எடுங்கள். இரண்டிலும் முடிந்தால் சின்னதை எடுங்கள். சின்ன ஃபிரேமை நீட்டலாம், பெரியதைக் குறுக்குவது கஷ்டம்.

#16 · இருநூறான்

48 ஆயிரம் சீட்டு பழைய வரிக்காலத்தது போலத் தெரிகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. 48 ஆயிரத்தில் வரியை எடுத்து 5 போட்டால் 45 ஆயிரம் சரியாக வருகிறது. பில்லில் 5 என்று இருக்கிறதா பாருங்கள்.

#17 · சும்மா_சுத்துபவன்

ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு கணக்கா? எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஸ்டாக்கும் இல்லை, ரீச்சும் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவு, வகுப்பில் குட்டையானவனுக்கும் அதேதான்.

#18 · நிர்மலா ஆர்

அதில் பள்ளிக்கூடத்துக்கு 4 கி.மீ. போனீர்கள் தம்பி. இவர் 60 போகிறார். நீங்களும் ஒரு ஞாயிறு வாருங்கள், திருவான்மியூரில் காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம்.

#19 · தாம்பரம் குமரன்

வாங்கிவிட்டேன்! 52. மூன்று வாரம் ஓட்டிவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

வரிக்கணக்கைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே 45க்கு இறங்கினார், பாட்டில் தாங்கி ஒன்றும் கொடுத்தார். கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. 54ல் பத்தாவது நிமிடம் முழங்கை தானாகப் பூட்டிக்கொண்டது. 52ல் அது நடக்கவில்லை. ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம் இதில் 90 மி.மீ., கார்பனில் 110. ரீச் 21 மி.மீ. குறைவு, ஸ்டெம் 20 குறைவு, ஆக மொத்தம் நாலு செ.மீ. கிட்ட ஹேண்டில் பக்கத்தில் வந்திருக்கிறது. இடுப்பு வாயைத் திறக்கவில்லை.

ஆனால் முதல் ஞாயிறு ஏமாற்றம்தான். விரல் மரத்துப்போவது 40லிருந்து 50க்குத் தள்ளிப்போனது, நிற்கவில்லை. ஸ்பேனர் தம்பிக்குத் தனிமடலில் போட்டோ அனுப்பினேன். "சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது, நீங்கள் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கிறீர்கள், அதைக் கை தடுக்கிறது" என்றார். சீட் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அதன் மேல் போனில் மட்டம் பார்க்கிற ஆப்பை வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரி சாய்வு! அரை டிகிரிக்கு நிமிர்த்தினேன். பிரேக் மூடிகளையும் ஹேண்டிலில் சற்று மேலே திருப்பினேன், மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கிற அளவுக்கு. நேற்று கோவளம் போய்த் திரும்பி 63 கி.மீ. புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலையைத் தாண்டும்போதுதான் விரல் ஞாபகமே வந்தது.

வேகம் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. முன்பு சராசரி 17, இப்போது 21. பேசிக்கொண்டே தாண்டுகிறவர்கள் இன்னும் தாண்டுகிறார்கள், ஆனால் என்ன பேசுகிறார்கள் என்பது இப்போது கொஞ்ச நேரம் காதில் விழுகிறது.

ஒரு சங்கடம். மாம்பாக்கம் பக்கத்தில் பின்சக்கரம் பங்க்சர், இருநூறான் சொன்ன அதே கருவேல முள். டியூப் மாற்றிவிட்டேன், கையடக்க பம்ப்பில் முக்கால்வாசிதான் ஏறியது. பக்கத்தில் லாரி டயர் பார்க்கிற பங்க்சர் கடை. பெரியவர் கம்ப்ரஸர் குழாயை எடுத்துக்கொண்டு வந்து வால்வைப் பார்த்தார். "என்னய்யா இது, ஊசி மாதிரி இருக்கு? இதுக்கு வாயே இல்லையே" என்றார். காற்று அடிக்க முடியவில்லை. அரைக் காற்றிலேயே உருட்டிக்கொண்டு வந்தேன். இதற்கு என்ன செய்வது?

#20 · ஸ்பேனர்

அது பிரெஸ்டா வால்வ் சார். தலையில் உள்ள குட்டித் திருகை முதலில் இடப்பக்கம் திருப்பித் தளர்த்தணும், விரலால் ஒரு தட்டு தட்டினால் புஸ் என்னும். பித்தளையில் விரல்நுனி அளவுக்கு ஒரு அடாப்டர் கிடைக்கும், விலை டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். அதைத் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிள் வால்வ் மாதிரி ஆகிவிடும், எந்தக் கடையிலும் அடிக்கலாம். ஒன்றை வால்விலேயே மாட்டி வைக்காதீர்கள், ஆட்டத்தில் எங்கேயாவது கழன்று விழும். சீட் பையில் ஒன்று, பர்ஸில் ஒன்று. கம்ப்ரஸரில் அடிக்கும்போது பெரியவரிடம் 60 என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், விட்டுவிட்டு விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். லாரிப் பழக்கத்தில் ஒரே அழுத்தாக அழுத்தினால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும்.

#21 · தாம்பரம் குமரன்

மூன்றாக வாங்கிவிட்டேன். ஒன்றை அந்தப் பெரியவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கேளம்பாக்கம் ரோட்டில் போகிறவர்கள் கவனிக்க: மாம்பாக்கம் தாண்டி இடப்பக்கம், வேப்பமரத்தடி.